டாக்டர் ஹோமி பாபா: அதிகம் பேசப்படாத ஒரு பக்கம்

மலர்க் குழுவினர் இந்த வருஷம் ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்டார்கள். டாக்டர் ஹோமி ஜஹாங்கீர் பாபா என்று சொன்னதும், அவரைத்தான் எல்லாப் பாடப் புத்தகத்திலும் போட்டிருக்கிறதே என்று குழுவில் ஒருவர் சலித்துக்கொண்டார். வாஸ்தவம்தான். அணுசக்திக் கமிஷனின் முதல் தலைவர், டாட்டா ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியவர், விமான விபத்தில் மறைந்தவர் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட ஒப்பிக்கும். அதற்கு மேல் ஒரு பாபா உண்டு. அவரைத்தான் நம்மவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்று ஆசை.

நம் பழைய மாணவர்களில் எத்தனை பேர் தினமும் கதிர்வீச்சின் பக்கத்தில் நின்று வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். போரூர், பூந்தமல்லி ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்-ரே அறையிலும் சி.டி. ஸ்கேன் அறையிலும் நிற்பவர்கள் இருக்கிறார்கள். அம்பத்தூர், ஆவடி மாதிரித் தொழிற்சாலைப் பகுதிகளில் வார்ப்படத்திலும் வெல்டிங்கிலும் விரிசல் இருக்கிறதா என்று இரிடியம்-192 வைத்து இரவில் படம் எடுக்கிற வேலை இருக்கிறது. கல்பாக்கம் இருக்கவே இருக்கிறது. இவர்கள் சட்டையில் மாட்டிக்கொள்ளும் அந்தச் சின்ன பாட்ஜுக்குப் பின்னால் பாபா இருக்கிறார். அந்த பாட்ஜ் காட்டும் எண்ணை யார் பார்க்க வேண்டும், பார்த்து யாரைத் தட்டிக் கேட்க வேண்டும் என்ற கேள்வி நெடுநாள் சிக்கலாகவே இருந்ததற்குப் பின்னாலும் அவர்தான் இருக்கிறார்.

1909 அக்டோபர் 30-ஆம் தேதி பம்பாயில் ஒரு வசதியான பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜஹாங்கீர் ஹோர்முஸ்ஜி பாபா வக்கீல். வீட்டில் பெரிய லைப்ரரி, மேல்நாட்டு சங்கீத ரெக்கார்டுகள், ஓவியம் கற்றுக்கொள்ள வசதி. தந்தையின் சகோதரி மெஹர்பாயை மணந்தவர் சர் டோராப்ஜி டாட்டா. ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் மூத்த மகன். அத்தை வீட்டில் எஃகு ஆலை, நீர்மின் நிலையம் என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டே பையன் வளர்ந்தான்.

அந்த அத்தை 1931-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அப்போது ஹோமிக்கு 21 வயது, கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு வந்த நோய்க்கு இந்தியாவிலேயே ரேடியம் வைத்தியம் கிடைக்கும்படி ஒரு நிலையம் அமைக்க வேண்டும் என்று டோராப்ஜி விரும்பினார். மறு வருஷமே அவரும் காலமானார். அவருடைய டிரஸ்ட் அந்த எண்ணத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, 1941 பிப்ரவரி 28-ல் பம்பாய் பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனையைத் திறந்தது. இந்த ஆஸ்பத்திரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடியும் வரும்.

ரேடியம் உயிரைக் காக்கும் என்று உலகம் நம்பிய காலம் அது. அது உயிரை எடுக்கும் என்பதும் மெல்ல மெல்லத் தெரிய வந்துகொண்டிருந்தது. மேரி கியூரி அம்மையார் 1934-ல் எலும்பு மஜ்ஜை செயலிழந்து மறைந்தார். அதே வருஷம்தான் நம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் பர்னார்டு ரேடியாலஜி நிலையம் திறக்கப்பட்டது. 1936-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில், எக்ஸ்-ரேயாலும் ரேடியத்தாலும் உயிரிழந்த டாக்டர்கள், நர்சுகள், டெக்னீஷியன்களுக்காக ஒரு நினைவுக் கல் நட்டார்கள். முதலில் பொறித்த பெயர்கள் 169. போரில் செத்தவர்களுக்கு நடுகல் வைப்போம். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்ததற்காகச் செத்தவர்களுக்கும் வைக்க வேண்டி வந்தது.

கேம்பிரிட்ஜ் கதைக்கு வருவோம். ஹோமி என்ஜினியரிங் படித்துவிட்டு வந்து ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் உட்கார வேண்டும் என்பது குடும்பத்தின் திட்டம். அவருக்கோ பிசிக்ஸ் மேல்தான் பித்து. தந்தைக்குக் கடிதம் எழுதி அழாக்குறையாகக் கேட்டார். முதலில் மெக்கானிக்கல் டிரைபாஸில் முதல் வகுப்பு வாங்கு, பிறகு பார்க்கலாம் என்று தந்தை நிபந்தனை போட்டார். 1930-ல் வாங்கிக் காட்டினார். நம் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம்: பிடிக்காத பாடத்தில் முதல் வகுப்பு வாங்கித்தான் பிடித்த பாடத்துக்கு டிக்கெட் எடுத்தார்!

டிராக்கிடம் கணிதம் கேட்டார். ரூதர்போர்டு தலைமை தாங்கிய காவெண்டிஷ் ஆய்வகத்தின் பொற்காலத்தில் அங்கே இருந்தார். எலெக்ட்ரானும் பாசிட்ரானும் ஒன்றோடொன்று மோதிச் சிதறுவதைப் பற்றி 1935-ல் கணக்குப் போட்டார். இன்றும் அதற்கு பாபா சிதறல் என்றுதான் பெயர். 1937-ல் ஹைட்லருடன் சேர்ந்து (சர்வாதிகாரி ஹிட்லர் அல்ல, இவர் வால்டர் ஹைட்லர் என்ற விஞ்ஞானி) காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மழை மாதிரிப் பொழிவது எப்படி என்று விளக்கினார். இந்தப் பகுதியை விரித்து எழுதினால் பிசிக்ஸ் டிபார்ட்மென்ட் மட்டும்தான் படிக்கும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

1939-ல் விடுமுறைக்கு இந்தியா வந்தவர் யுத்தம் மூண்டதால் திரும்ப முடியாமல் போனார். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி.வி. ராமனின் கீழ் ரீடர் வேலை. 1941-ல் ராயல் சொசைட்டி ஃபெலோ ஆனபோது வயது 31. நாகபுரியில் நடந்த ஒரு கூட்டத்தில் ராமன் அவரை லியனார்டோ டா வின்சியோடு ஒப்பிட்டு அறிமுகப்படுத்தினார். ராமன் அவ்வளவு லேசில் யாரையும் புகழ்கிறவர் இல்லை! ஒப்பீடு பொருத்தமும்கூட. பாபா நன்றாகப் படம் வரைவார், ராமனையே வரைந்திருக்கிறார். கட்டடக் கலை, தோட்டக் கலை, மொஸார்ட், பீத்தோவன் எல்லாவற்றிலும் ஈடுபாடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிற்பாடு கட்டடம் கட்டுகையில் மரத்தை வெட்டச் சம்மதிக்க மாட்டார். வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நடச் சொல்லுவார்.

1944 மார்ச் 12-ஆம் தேதி டாட்டா டிரஸ்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அணுசக்தியை மின்சாரத்துக்குப் பயன்படுத்தும் காலம் வரும்போது இந்தியா நிபுணர்களைத் தேடி வெளிநாட்டுக்கு அலையக் கூடாது, அவர்களை இப்போதே உள்நாட்டில் தயார் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது 1945 ஆகஸ்டில். அதாவது உலகத்துக்கு அணுகுண்டு என்று ஒன்று இருப்பதே தெரிவதற்குப் பதினேழு மாதம் முன்னால் இந்த மனிதர் மின்சாரத்தைப் பற்றி யோசித்திருக்கிறார். 1945-ல் டாட்டா ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. பெங்களூரில் ஆரம்பித்து அந்த வருஷக் கடைசியிலேயே பம்பாய் பெட்டர் ரோட்டில், பாபா பிறந்த அதே பங்களாவுக்கு மாறியது. சுதந்திரம் வந்த சமயத்தில் அங்கே அவரிடம் சேர்ந்தவர்தான் நம் சென்னையின் அல்லாடி ராமகிருஷ்ணன்; 1962-ல் இங்கே கணித விஞ்ஞான நிலையத்தை நிறுவியவர்.

1948-ல் அணுசக்திச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் கமிஷன் அமைந்தது. தலைவர் பாபா. உறுப்பினர்கள் சாந்தி ஸ்வரூப் பட்நாகரும், நம் வத்திராயிருப்பில் பிறந்த சர் கே.எஸ். கிருஷ்ணனும். அந்தச் சட்டம் சபையில் வந்தபோது எஸ்.வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் என்ற உறுப்பினர் எழுந்து, இங்கிலாந்துச் சட்டத்தில்கூட இவ்வளவு ரகசியம் இல்லையே, அமெரிக்காவில் இருக்கிற மாதிரிக் கண்காணிப்பு ஏற்பாடு எதுவும் இதில் காணோமே என்று கேட்டார். பண்டித நேரு பதில் சொன்னார், சட்டம் நிறைவேறிவிட்டது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். நேருவுக்கும் பாபாவுக்கும் அப்படி ஒரு நட்பு. மந்திரிகள், செக்ரட்டரிகள் என்று யாரும் குறுக்கே நிற்காமல் பாபா பிரதமரிடம் நேரே போவார்.

1954 ஜனவரியில் டிராம்பே அணுசக்தி நிலையம். அதே ஆகஸ்டில் அணுசக்தித் துறை. அதற்கு செக்ரட்டரி பாபா. கமிஷனுக்குத் தலைவர் பாபா. டிராம்பேக்கு டைரக்டர் பாபா. டாட்டா நிலையத்துக்கும் டைரக்டர் அவரே. கொள்கை வகுப்பது, பணம் ஒதுக்குவது, கட்டுவது, ஓட்டுவது எல்லாம் ஒரே கையெழுத்தில் முடியும். இன்றைக்கு இப்படிச் சொன்னால் புருவத்தை உயர்த்துவோம். அன்றைக்கு அதனால்தான் வேலை நடந்தது என்பதையும் மறுக்க முடியாது. ஆசியாவின் முதல் அணு உலைகளில் ஒன்றான அப்சரா, 1955-ல் திட்டம் போட்டு 1956 ஆகஸ்ட் 4-ல் ஓடத் தொடங்கிவிட்டது. யுரேனிய எரிபொருள் மட்டும் இங்கிலாந்திலிருந்து வந்தது.

இனி நான் சொல்ல வந்த பக்கம்.

1954 மார்ச்சில் பசிபிக் கடலில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் மேல் விழுந்தது. உலகமே பதறியது. குண்டு வெடித்தால் மனிதனுக்கு என்ன ஆகும் என்று ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு புத்தகம் வேண்டும் என்று நேரு விரும்பினார். டி.எஸ். கோத்தாரி எழுதினார், பாபாவும், டாட்டா நினைவு மருத்துவமனையின் புற்றுநோய் நிபுணர் டாக்டர் கானோல்கரும் உதவினார்கள். 1956-ல் மத்திய அரசே அதை வெளியிட்டது. கதிர்வீச்சின் விளைவுகளை ஆராய ஐ.நா. 1955-ல் 15 நாடுகளைக் கொண்ட விஞ்ஞானக் குழுவை அமைத்தபோது இந்தியாவும் அதில் இருந்தது. கானோல்கர் நம் பிரதிநிதி. அந்த 1955 ஆகஸ்டில்தான் ஜெனீவாவில் அணுசக்தியின் ஆக்க வேலைகள் பற்றிய முதல் உலக மாநாடு பாபாவின் தலைமையில் நடந்தது.

நம் தமிழ்நாட்டுச் சங்கதி ஒன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் அதை ஒட்டிய கேரளக் கரையிலும் மணலிலேயே தோரியம் கலந்திருக்கிறது. 1909 வாக்கில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்தார் என்பார்கள். பாபாவுக்கு அந்த மணல் எதிர்கால மின்சாரம். ஆனால் அதன் மேல் குடிசை போட்டு ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்களே, அவர்களுக்கு எவ்வளவு கதிர்வீச்சு? டிராம்பேயிலிருந்து ஆட்கள் போய் அளந்தார்கள். கேரளக் கடற்கரையின் அளவுகளை 1958-ல் இரண்டாவது ஜெனீவா மாநாட்டில் கட்டுரையாகவே வைத்தார்கள். ரகசியச் சட்டத்தை வைத்துக்கொண்டிருந்த அதே துறைதான் இதை உலகத்தின் முன்னால் பரப்பி வைத்தது. பாபாவைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட முடியாது என்பதற்கு இது ஒரு சாட்சி.

டிராம்பேயில் ஹெல்த் பிசிக்ஸ் என்று ஒரு பிரிவு ஏற்பட்டது. பெயர் வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? 1942-ல் சிகாகோவில் அணுகுண்டுத் திட்டத்தின்போது பிறந்த பெயர். தொழிலாளிக்குக் கதிர்வீச்சு எவ்வளவு பட்டது, காற்றில் தூசு எவ்வளவு, கழிவு எங்கே போகிறது என்று அளப்பதுதான் வேலை. இந்தப் பிரிவை வளர்த்தவர் டாக்டர் ஏ.கே. கங்குலி, ரசாயனம் படித்தவர். வேலை செய்கிறவர் சட்டையில் ஒரு சின்ன ஃபிலிம். கதிர் பட்டால் அது கறுக்கும். கறுத்த அளவை வைத்து எவ்வளவு பட்டது என்று கணக்கிடலாம். இந்தச் சேவையை டிராம்பே தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. நாடு முழுவதும் உள்ள ஆஸ்பத்திரிகளுக்குத் தபாலில் ஃபிலிம் போகும், திரும்பி வரும், ரிப்போர்ட் போகும். 1975 முதல் ஃபிலிமுக்குப் பதில் டி.எல்.டி. வில்லைகள் வந்தன. நம்மவர்கள் மாட்டிக்கொள்வது அந்த வம்சம்தான்.

அந்தச் சமயத்தில் எவ்வளவு கதிர்வீச்சு படலாம் என்ற அளவே மாறிக்கொண்டிருந்தது. இன்றைய கணக்கில் சொன்னால், 1950-களின் தொடக்கத்தில் தொழிலாளிக்கு வருஷத்துக்கு 150 மில்லிசீவர்ட் வரை போகலாம் என்றார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதை 50 ஆக்கினார்கள். 1990-ல் சராசரி 20 ஆயிற்று. நேற்றுவரை ஆபத்தில்லை என்றிருந்தது இன்றைக்கு ஆபத்து.

கனடா தந்த சைரஸ் உலை 1960 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. 40 மெகாவாட், அப்சராவைப் போல நாற்பது மடங்கு. அது கனடாவின் சாக் ரிவரில் இருந்த என்.ஆர்.எக்ஸ். உலையின் வழி வந்தது. அந்த என்.ஆர்.எக்ஸ்.தான் 1952 டிசம்பரில் உருகிச் சேதமடைந்து, சுத்தம் செய்ய அமெரிக்கக் கடற்படையிலிருந்தும் ஆட்கள் போனார்கள். அவர்களில் ஒருவர் ஜிம்மி கார்ட்டர், பின்னாளில் ஜனாதிபதி. 1957-ல் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலை தீப்பிடித்து, சுற்று வட்டாரத்துப் பாலைக் கொட்டச் சொன்னார்கள். பாபா இதையெல்லாம் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்ல; சம்பந்தப்பட்ட விஞ்ஞானிகள் பலரும் அவருக்குப் பழக்கம்.

1960 பிப்ரவரியில், சைரஸ் ஓடுவதற்குச் சில மாதங்கள் முன்னால், டிராம்பே ஊழியர்களுக்கு ஒரு உத்தரவு போட்டார். கதிரியக்கப் பொருள்களைக் கையாளும்போது இங்கே வேலை செய்கிறவருக்கோ வெளியே உள்ளவருக்கோ தீங்கு வரக் கூடாது. அது மட்டும் போதாது, நாட்டில் மற்ற நிறுவனங்கள் பார்த்துப் பின்பற்றும்படி முன்மாதிரியாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். கதிர்வீச்சுப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் இன்றும் அந்த உத்தரவிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். ஆபத்து வராமல் பார்த்துக்கொள் என்று எந்த முதலாளியும் சொல்லுவார். உன்னைப் பார்த்து ஊர் கற்றுக்கொள்கிற மாதிரி நட என்று சொன்னதுதான் விசேஷம்.

1962-ல் டாக்டர் ஏ.எஸ். ராவ் தலைமையில் உலைகளின் பாதுகாப்பைப் பரிசீலிக்க ஒரு கமிட்டி அமைந்தது. அதே வருஷம் 1948 சட்டத்துக்குப் பதில் புதிய அணுசக்திச் சட்டம். கதிர்வீச்சு விதிகள் போட அரசுக்கு அதில் அதிகாரம். அதே வருஷம் டாட்டா நினைவு மருத்துவமனையின் நிர்வாகம் அணுசக்தித் துறைக்கு வந்தது. அத்தையின் நினைவாக எழுந்த ஆஸ்பத்திரி மருமகனின் இலாகாவில் சேர்ந்துவிட்டது! குடும்பப் பாசம் என்று சிரிக்கலாம். ஆனால் அணு உலையில் தயாராகும் ஐசோடோப்புகள் போய்ச் சேர வேண்டிய இடம் ஆஸ்பத்திரிதான் என்று பாபா கண்டிருந்தார். 1963-ல் அதன் பக்கத்திலேயே கதிரியக்க மருத்துவ மையம் வந்தது. நம் அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் 1950-களின் பிற்பாதியிலேயே கோபால்ட்-60 கருவி வந்திருந்தது. உலை ஒரு இடத்தில்தான் இருந்தது, கதிர்வீச்சு நாடெங்கும் பரவத் தொடங்கிவிட்டது.

எல்லாம் சரி. அந்தக் கமிட்டி யாருக்கு ரிப்போர்ட் கொடுக்கும்? உலையைக் கட்டுகிறவருக்கே. ஹெல்த் பிசிக்ஸ்காரர் ஒரு இடத்தில் தப்பு கண்டால் யாரிடம் சொல்லுவார்? அந்த இடத்தை நடத்துகிற டைரக்டரிடமே. பரீட்சை எழுதுகிறவரும் பேப்பர் திருத்துகிறவரும் ஒரே வீட்டில். பாபா இருந்தவரை இது பெரிதாகத் தெரியவில்லை. அவருடைய கண்ணே கண்காணிப்பாக இருந்தது. ஒரு மனிதரின் கண்டிப்பை நம்பிக் கட்டிய வீடு அது.

1966 ஜனவரி 24. வியன்னாவில் சர்வதேச அணுசக்தி ஏஜென்சியின் விஞ்ஞான ஆலோசனைக் கூட்டத்துக்குப் புறப்பட்ட பாபா சென்ற ஏர் இந்தியாவின் காஞ்சன்ஜங்கா என்ற போயிங் 707, ஜெனீவாவில் இறங்க வேண்டிய நேரத்தில் மாண்ட் பிளாங்க் சிகரத்தில் மோதியது. 117 பேரும் இறந்தார்கள். அவருக்கு வயது 56. சாஸ்திரி மறைந்து பதிமூன்றே நாள். இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்றதும் அன்றைக்குத்தான். சதி என்று இன்னமும் பேசுகிறவர்கள் உண்டு. பிரெஞ்சு விசாரணை சொன்னது வேறு. விமானத்தில் திசை காட்டும் கருவிகளில் ஒன்று பழுதாகியிருந்தது. மலையைத் தாண்டிவிட்டோம் என்று விமானி தப்பாகக் கணக்கிட்டார். தரையிலிருந்து ராடாரில் பார்த்தவர் சரியான இடத்தைச் சொன்னார். அது விமானிக்குப் புரியவில்லை. சதிக் கதையைவிட எனக்கு இதுதான் மனதைக் குடைகிறது.

1967 ஜனவரியில் டிராம்பே நிலையத்துக்கு பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் சூட்டினார்கள். 1971-ல் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் வந்தன. கல்பாக்கத்தின் முதல் உலை 1983 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 15-ல்தான் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைந்தது. பாபா மறைந்து பதினேழு வருஷம் கழித்து. அதுவும் அரசு உத்தரவால் அமைந்ததே தவிர, தனிச் சட்டத்தால் அல்ல. வாரியம் கணக்குச் சொன்னது அணுசக்திக் கமிஷனிடம். கமிஷனின் தலைவரே துறையின் செக்ரட்டரி. வீடு பெரிதாயிற்று, வாசல் அதே வாசல்தான். 1995-ல் வாரியம் நாட்டின் அணு நிலையங்களில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட பாதுகாப்புக் குறைகளைப் பட்டியல் போட்டது. 2000-ல் பாபா மையத்தின் நிலையங்களையே வாரியத்தின் பார்வையிலிருந்து எடுத்து, மையத்தின் உள் கமிட்டியிடம் கொடுத்தார்கள்.

2003 ஜனவரி 21-ஆம் தேதி கல்பாக்கத்தில் நடந்ததை நம் பக்கத்தவர் பலர் மறந்திருப்பார்கள். உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளைச் சுத்திகரிக்கும் ஆலை. பாபா மையத்தின் கீழ் வருவது. மிகக் கடுமையான கழிவு ஒரு வால்வு வழியாகக் கசிந்து, குறைந்த கதிரியக்கக் கழிவுக்கான தொட்டிக்குள் போய்விட்டது. அந்த இடத்தில் எச்சரிக்கை செய்ய மானிட்டர் இல்லை. சாதாரணக் கழிவு என்று நினைத்து மாதிரி எடுக்கப் போனவர்கள் கையில் இருந்தது வேறு. ஆறு பேருக்கு 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை பட்டது. மேலே சொன்ன 20-ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொழிலாளர் சங்கம் முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்று கேட்டது. மையம் பத்திரிகைகளிடம் விவரமாகப் பேசியது ஆகஸ்டில். பாபாவின் பெயரைத் தாங்கிய மையத்தில், அவருடைய 1960 உத்தரவுக்கு நேர் எதிராக நடந்தது இது. வாரியத்தின் அதிகாரம் அப்போது அந்த வாசலோடு நின்றது.

கல்லூரிக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான கதை 2010-ல் டெல்லியில் நடந்தது. பல்கலைக்கழக ரசாயன ஆய்வகத்தில் கனடாவிலிருந்து வாங்கிய ஒரு காமா கருவி, 1985-க்குப் பிறகு தொடுவாரில்லாமல் கிடந்தது. உள்ளே கோபால்ட்-60. வேண்டாத சாமான்களோடு ஏலத்தில் போயிற்று. மாயாபுரி பழைய இரும்புக் கடையில் அதைப் பிரித்தார்கள். ஒருவர் மினுமினுத்த சின்னத் துண்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டார். பலர் ஆஸ்பத்திரியில் சேர, ஏப்ரல் 26-ல் ஒரு தொழிலாளி இறந்தார். அந்தக் கருவியை வாங்கியது கதிர்வீச்சு விதிகளே வராத காலம். வாங்கியவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார், ஸ்டாக் ரிஜிஸ்தரில் ஒரு வரி மட்டும் மிஞ்சியிருக்கும். பெரிய அணு உலையின் வாசலில் துப்பாக்கியோடு காவல். ஆய்வகப் பீரோவுக்கு ஒரு பூட்டு.

ஆஸ்பத்திரிப் பக்கம் இன்னும் மோசம். 2012-ல் மத்திய தணிக்கைத் துறை நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில், நாட்டில் இருந்த 57,443 மருத்துவ எக்ஸ்-ரே நிலையங்களில் 52,173 வாரியத்தில் பதிவே செய்யாமல் ஓடிக்கொண்டிருந்தன என்று இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று! மாநிலம்தோறும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு இயக்ககம் வேண்டும் என்று 2001-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தும், கேரளமும் மிசோரமும் மட்டுமே அமைத்திருந்தன என்றும் அதே அறிக்கை சொன்னது. காட்டுப்பாக்கத்திலிருந்து போரூர் வரை டிரங்க் ரோட்டில் எத்தனை ஸ்கேன், எக்ஸ்-ரே போர்டு கண்ணில் படுகிறது! அந்தப் புள்ளிவிவரம் வந்த காலத்தில் இந்த மாதிரி எத்தனை கதவுக்குப் பின்னால் ஈயத் தகடு இருந்ததோ, எத்தனை டெக்னீஷியனுக்கு பாட்ஜ் இருந்ததோ! அதன் பிறகு வாரியம் பதிவையும் உரிமத்தையும் கம்ப்யூட்டர் மூலம் வாங்கும்படி செய்தது, எண்ணிக்கை ஏறியது.

வாரியத்தைத் தனிச் சட்டத்தால் நிறுவ 2011-ல் ஒரு மசோதா வந்து, 2014-ல் அந்த லோக் சபாவோடு காலாவதியாயிற்று. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம், பாபா காலத்து 1962 சட்டத்தை நீக்கி, தனியார் கம்பெனிகளுக்கும் அணு மின்சாரத்தில் இடம் கொடுத்து, ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்தும் கொடுத்திருக்கிறது. கிருஷ்ணமூர்த்தி ராவ் 1948-ல் எழுந்து கேட்டதிலிருந்து எண்ணினால் 77 வருஷம். வாரியம் எவ்வளவு தூரம் தன் காலில் நிற்கும் என்று சட்டப் படிப்பு படித்த நம் நண்பர்கள் யாராவது அடுத்த மலரில் எழுதலாம்.

நம் பிசிக்ஸ் மாணவர்களுக்கு ஒரு செய்தி. பாபா இருந்தபோதே, 1962-ல், டிராம்பேயில் ரேடியாலஜிகல் பிசிக்ஸ் டிப்ளமா என்ற ஒரு வருஷப் படிப்பு தொடங்கினார்கள். புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குக் கதிரின் அளவைக் கணக்கிடுகிறவர்களும், பாதுகாப்பு அதிகாரிகளும் பலர் அந்த வகுப்பிலிருந்து வந்தவர்கள். கதிர் சிகிச்சை நடக்கும் எந்த ஆஸ்பத்திரியும் இப்படிப்பட்டவர் இல்லாமல் நடத்த முடியாது. சென்னையிலும் மெடிக்கல் பிசிக்ஸ் எம்.எஸ்சி. இருக்கிறது. கணக்கும் பிசிக்ஸும் நன்றாக வர வேண்டும், நோயாளியிடம் பேசவும் தெரிய வேண்டும். டிபார்ட்மென்டில் சார்களைக் கேட்டால் விவரம் சொல்லுவார்கள்.